ரெண்டு பேரும் ஒண்ணா அமுக்கினா

ஆரோக்கியசாமிக்குக் குழந்தை உண்டாகியிருப்பதாகப் பூந்தமல்லி லேபிலிருந்து ரிப்போர்ட் வந்தது. அவருக்கு வயது அறுபத்திரண்டு. ஆவடியில் ஃபாக்டரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றோடு வந்து நின்றவர். கவுன்ட்டரில் கொடுத்த காகிதத்தைக் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்துவிட்டு, "எம்மா, என் பொண்டாட்டி போயே நாலு வருசம் ஆவுது. இத்த நான் யார்கிட்ட போய் சொல்றது?" என்று கேட்டாராம். லேபில் இருந்த அத்தனை பேரும் சிரித்திருக்கிறார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்த அந்தச் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியிலும் சிரித்தார்கள். லேபின் ரிப்போர்ட் பக்கத்தை எழுதிக் கொடுத்து, இன்றுவரை பார்த்துக்கொள்வது இவர்கள்தான். போனை எடுத்த ஸ்வீட்லின் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அந்தப் பக்கம் லேப் கவுன்ட்டரில் இருக்கும் ஜெயகுமாரி பேசிக்கொண்டிருந்தாள்.

"சிரிக்காதீங்க மேடம். பெரியவரு நல்ல மனுசன், அதான் தப்பிச்சோம். ரெண்டாவது கவுன்ட்டர திரும்ப தொறந்து இன்னியோட நாலு நாளு. பதினோரு மணிக்கு டாக்டர் ரிப்போர்ட்ட விட்டவொடனே ஜனம் அம்முது. நானும் புதுப் பொண்ணும் ஒண்ணா அமுக்கினோம். பக்கத்துல ஒரு பொண்ணு நின்னுச்சு இல்ல, அதோட ரிசல்ட்டு இவரு பேர்ல வந்துடுச்சு."

ஸ்வீட்லினும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். 'ஒண்ணா அமுக்கினோம்' என்ற இடத்தில் அவள் சிரிப்பு நின்றுபோனது. ஸ்பீக்கரை அணைத்தாள். "அப்புறம் கூப்பிடறேன் ஜெயகுமாரி" என்று சொல்லி வைத்துவிட்டு, ஆறு வருடத்துக்கு முன்னால் தான் எழுதிய அந்தப் பக்கத்தைத் திறந்தாள். முதல் வரியிலேயே அவள் பெயரும் தேதியும் இருந்தன. அப்போதெல்லாம் எழுதிய ஒவ்வொரு பக்கத்திலும் பெயர் போட்டுக்கொள்ள அவளுக்குப் பிடிக்கும்.

தேடவேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஏழாவது வரியில், ஆச்சரியக்குறி போட்ட கட்டத்துக்குள், சாம்பிள் நம்பரை வைத்துக்கொள்ளும் வேரியபிள் உட்கார்ந்திருந்தது.

கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்கும் இது புரியக்கூடிய சங்கதிதான். சர்வரில் இருப்பது ஒரே ஒரு பக்கம். அதை ஒரே நேரத்தில் பத்து பேர் திறக்கலாம். பத்து பேருடைய வேலையும் தனித்தனி இழையாக அந்த ஒரே பக்கத்துக்குள் ஓடும். வேரியபிளைப் பக்கத்தின் உள்ளே எழுதினால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒன்று கிடைக்கும். ஆச்சரியக்குறி போட்ட தலைக்கட்டத்துக்குள் எழுதினால் எல்லோருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. கல்யாண வீட்டில் நூறு பேருக்கு ஒரே டம்ளரை வைத்தது மாதிரி. நீங்கள் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் இன்னொருவர் அதில் காப்பியை ஊற்றியிருப்பார்.

அதை எதற்கு அங்கே கொண்டுபோய் வைத்தோம் என்பதும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. ரிசல்ட்டைத் தேடி எடுக்கும் துணை நிரலைத் தலைக்கட்டத்தில் எழுதியிருந்தாள். அந்த நிரலின் கண்ணுக்கு, பக்கத்துக்குள் இருந்த வேரியபிள் தெரியவில்லை. பிழை, பிழை என்று சிவப்பில் கத்தியது. மறுநாள் லேபுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். அந்த ஒரு வரியை வெட்டி மேலே ஒட்டினாள். சிவப்பு போய்விட்டது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு குணம் உண்டு, பிழைச் செய்தி போனால் பிழையே போய்விட்டதாக நினைப்பது. அவளும் அப்படித்தான் நினைத்து, ஐந்தே முக்கால் ரயிலைப் பிடித்துத் திருநின்றவூருக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினாள்.

இப்போது அந்த வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு ஆரோக்கியசாமியின் ஞாபகம் துளியும் வரவில்லை. விஜியின் ஞாபகம்தான் வந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால், லேபில் முதல் முதலாக இரண்டாவது கவுன்ட்டர் திறந்தபோது அதில் உட்கார்ந்தவள் விஜி. நூம்பலைச் சேர்ந்தவள். அவள் அப்பா அம்மா அதே நூம்பலில் மற்றவர்கள் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அந்தக் குடும்பத்திலிருந்து ஏசி ரூமில் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் ஆள் அவள்தான். கெட்டிக்காரி. சாம்பிள் நம்பர் ஆறு இலக்கம். ஒரு தரம் பார்த்தால் போதும், மறுநாள் பேஷன்டின் முகத்தைப் பார்த்தே நம்பரைச் சொல்லிவிடுவாள். ஸ்வீட்லின் ஏதாவது வேலையாக லேபுக்குப் போகும்போதெல்லாம் தன் வேலையை விட்டுவிட்டு அதை வேடிக்கை பார்ப்பதுண்டு.

அந்தக் கவுன்ட்டரில்தான் எல்லம்மா வந்து தன் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு போனாள். திருவேற்காட்டில் தையல் தைத்துக்கொண்டிருந்தவள், நாற்பத்தாறு வயது, மார்பில் கட்டி. சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். புற்று அணுக்கள் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போனவள், ஏழு மாதம் கழித்து எலும்பு வலி என்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே கேட்டதன் பேரில் லேபில் பழைய பதிவைத் திறந்து பார்த்தார்கள். எல்லம்மாவின் உண்மையான ரிசல்ட் ஏழு மாதமாக அங்கேயே சரியாக இருந்தது: புற்று. அவள் கையில் இருந்த காகிதத்திலோ பெயர் எல்லம்மா, நம்பரும் ரிசல்ட்டும் வேறொரு பெண்ணுடையவை.

பெயரையும் நம்பரையும் கவுன்ட்டரில் கையால்தான் அடிக்க வேண்டும். ஆகவே யார் தப்பு என்று யோசிக்க யாருக்கும் நேரம் பிடிக்கவில்லை. விஜி பெயரைச் சரியாக அடித்து நம்பரைத் தப்பாக அடித்துவிட்டாள். தாளிலேயே தப்பான நம்பர் அச்சாகி இருக்கிறது, வேறு சாட்சி எதற்கு?

"நான் கரெக்டாத்தான் அடிச்சேன்" என்று அவள் ஒற்றைக்காலில் நின்றதால், கம்பெனியிலிருந்து ஸ்வீட்லினை வரச்சொன்னார்கள். போனாள். சோதனை என்றால் இடைஞ்சல் எதுவும் இருக்கக்கூடாது என்று நினைத்தாள். கூட்டம் கலையும்வரை காத்திருந்தாள். ஜெயகுமாரியைக் கூடக் கவுன்ட்டரை விட்டு எழுந்து போகச் சொன்னாள். விஜியின் நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு நம்பராக நாற்பது தடவை அடித்தாள். நாற்பது தடவையும் சரியாக வந்தது.

விஜி பக்கத்தில் நின்று துப்பட்டாவை முறுக்கிக்கொண்டே சொன்னாள். "தனியா அமுக்கினா கரெக்டா வரும் மேடம். ரெண்டு பேரும் ஒண்ணா அமுக்கினாத்தான் மாறுது. முன்னாடி ஒரு வாட்டி சர்க்கரை ரிப்போர்ட்டுல மாறி வந்துச்சு, நானே கிழிச்சிப் போட்டு வேற எடுத்தேன். ஜெயகுமாரியக் கூப்புடுங்க, ரெண்டு பேரும் அமுக்கிக் காட்றோம்."

ஸ்வீட்லின் சிரித்தாள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. குழந்தை ஏதாவது சொன்னால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. "அது வேற கம்ப்யூட்டர், இது வேற கம்ப்யூட்டர் விஜி. அங்க அமுக்கறது இங்க எப்படி வரும்?" என்றாள். பிறகு கம்பெனிக்குத் திரும்பி வந்து, மென்பொருளில் பிழை ஏதும் இல்லை என்று இரண்டு வரிக் கடிதம் அடித்துக் கையெழுத்துப் போட்டாள். விஜியை வேலையை விட்டு அனுப்பினார்கள். எல்லம்மாவின் வீட்டார் போலீசில் எழுதிக் கொடுத்த புகாரிலும் விஜியின் பெயர்தான் இருந்தது. இரண்டாவது கவுன்ட்டரை மூடிவிட்டார்கள். ஒரே ஆள் அமுக்கியதால் அப்புறம் எதுவும் மாறவில்லை; அதுவும் விஜியின் மேல் இன்னொரு சாட்சி ஆனது.

நான் படித்தவள் என்று எல்லோரும் நம்பினார்களே, நானும் நம்பினேனே என்று ஸ்வீட்லின் நினைத்தாள். கல்லூரியில் நான்கு வருடம் படித்தவளுக்குத் தெரியாததை, பிளஸ் டூ முடித்த பெண் கவுன்ட்டரில் உட்கார்ந்து கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறாள், அதுவும் அத்தனை துல்லியமாக.

சர்வரின் பதிவுக் கோப்பு இருந்தால் போதும். விஜி அடித்த நம்பர் என்ன என்று அதில் வினாடி சுத்தமாக இருக்கும். ஓடிப்போய்த் தேடினாள். முப்பது நாளுக்கு முந்தையது எதுவும் இல்லை. இடம் அடைகிறது என்று பழைய பதிவுகளை அழிக்கும் கட்டளையை எழுதி வைத்ததும் அவளேதான்.

முதலாளி சண்முகசுந்தரத்தின் அறைக்குப் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. லேத் பட்டறைக்காரரோடு தண்ணீர்த் தொட்டிக்குச் சண்டை போடுவதைத் தவிர வேறு வம்புக்குப் போகாதவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மொதல்ல பக்கத்த சரி பண்ணும்மா. இன்னிக்கு வேற யாருக்காவது மாறிடப் போவுது."

"பண்ணிடறேன் சார். லேபுக்கும் போலீசுக்கும் ஒரு லெட்டர்..."

"அந்தம்மா போயி ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு. இந்தப் பொண்ணு தப்பு என்னுதுதான்னு எழுதிக் குடுத்து, அவங்க வீட்லயும் புகார வாபஸ் வாங்கி, முடிஞ்சு போன விஷயம். இப்ப நாம சொன்னா யாரு எழுந்து வரப்போறாங்க? இங்க பதினோரு பேரு வேல செய்றாங்க."

"எழுதிக் குடுத்துட்டாளா?" ஸ்வீட்லினுக்கு அது தெரியாது. "தப்பு பண்ணலன்னு ஒத்தக்கால்ல நின்னாளே?"

"குடுத்துட்டா. அதுவும் நம்ம லெட்டரப் பாத்த அப்புறம்தான்." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நம்ம லெட்டர்னு சொல்றேன். கையெழுத்து உன்னுதும்மா."

பக்கத்தைச் சரிசெய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வேரியபிளைத் தலைக்கட்டத்திலிருந்து எடுத்து உள்ளே வைத்து, துணை நிரலுக்கு நம்பரைக் கையோடு கொடுத்தனுப்பும்படி மாற்றினாள். நான்கு வரி. ஒரு உயிரையும் ஒரு பெண்ணின் இத்தனை வருடத்தையும் தின்ற பிழை நான்கு வரியில் சரியாகிவிட்டது. பழைய பக்கத்தை மட்டும் தன் லேப்டாப்பில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, பிழை என்னுடையது, விஜி மேல் தவறு இல்லை என்று கைப்படவே எழுதினாள். கம்பெனித் தாளில் அடிக்க சண்முகசுந்தரம் விடமாட்டார்.

மறுநாள் அரைநாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி வேலப்பன்சாவடியில் இறங்கினாள். ஜெயகுமாரி வழி சொல்லியிருந்தாள். நூம்பலில் எங்கு பார்த்தாலும் புது வீடுகள், மனை விற்பனைப் பலகைகள், இடையிடையே இன்னும் எருமை மேயும் காலி நிலம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட இரண்டு அறை வீடு. வாசலில் ஒரு ஷேர் வேன் நின்றது. விஜி உள்ளே தரையில் உட்கார்ந்து முறம் நிறையப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எங்கோ ஒரு மெஸ்ஸுக்கு உரித்துக் கொடுக்கிறாளாம்.

ஸ்வீட்லினைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். "வாங்க மேடம்" என்றாள். அடையாளம் கண்டுகொள்ள ஒரு நொடிகூட ஆகவில்லை. ஆளே பாதியாகி இருந்தாள்.

அவள் புருஷன் உதயகுமார் கட்டிலிலிருந்து எழுந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். திருவேற்காட்டிலிருந்து கோயம்பேட்டுக்கு வேன் ஓட்டுபவன். மத்தியானம் சாப்பிட வந்திருந்தான். "இன்னா மேடம், திரும்ப எதுனா பிரச்சனையா?" என்று கேட்டான். குரலில் பயம் இருந்தது.

வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டு வந்தவள், எல்லாவற்றையும் மறந்துவிட்டு நேராகச் சொன்னாள். "விஜி, நீங்க எந்தத் தப்பும் பண்ணல. தப்பு என்னுது. அன்னிக்கு நீங்க சொன்னதுதான் சரி. ரெண்டு பேரும் ஒண்ணா அமுக்கினா மாறும். நான் எழுதினதுல இருந்த பிழை அது."

உதயகுமார்தான் முந்திக்கொண்டான். "நான் அப்பவே சொன்னேன் இல்ல? சொன்னேனா இல்லியா? இவ நம்பர்ல தப்பு பண்றவளா?" என்று அவளைப் பார்த்துக் கத்தினான். கத்தியவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

விஜி மெதுவாகத் தலையாட்டினாள். "இல்ல மேடம். நாந்தான் தப்பா அடிச்சேன்."

"இல்ல விஜி..."

"மொதல்ல நானும் நீங்க சொல்ற மாதிரிதான் நெனச்சிகினு இருந்தேன். அப்பால நீங்க நாப்பது வாட்டி போட்டுக் காமிச்சீங்க. நாப்பது வாட்டியும் கரெக்டா வந்துச்சு. படிச்சவங்க சொல்றாங்க, மிஷினு சொல்லுது, என் கண்ணு மட்டும் இன்னா பெரிய கண்ணு? யோசிச்சி யோசிச்சிப் பாத்தேன். எனக்கே ஞாபகம் வந்துடுச்சு மேடம். எட்டுக்குப் பதிலா மூணு அமுக்கினேன். வெரலு இப்பக்கூட நல்லா ஞாபகம் கீது."

நடக்காத ஒன்று அவள் விரலுக்கு ஞாபகம் இருக்கிறது. அதை உண்டாக்கியது தன்னுடைய நாற்பது தடவை என்று ஸ்வீட்லினுக்குப் புரிந்தது. லேப்டாப்பைத் திறந்தாள். "காட்டறேன் விஜி. பழைய பக்கம் இதுல இருக்கு. நீங்க ஒரு போன்ல அமுக்குங்க, நான் ஒரு போன்ல அமுக்கறேன். நீங்களே பாருங்க."

விஜியின் முகம் அப்போதுதான் கொஞ்சம் நிமிர்ந்தது. பூண்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உதயகுமாரின் போனை வாங்கினாள். ஆளுக்கு ஒரு நம்பர். உதயகுமார் வேன் கிளீனர் மாதிரி நின்றுகொண்டு "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றான். அமுக்கினார்கள். விஜியின் போனில் விஜியின் நம்பரே வந்தது. திரும்ப அமுக்கினார்கள். சரியாக வந்தது. ஐந்து, பத்து, பதினைந்து. ஒவ்வொரு தடவையும் பாழாய்ப்போன பக்கம் சரியான பதிலையே கொடுத்துக்கொண்டிருந்தது.

காரணம் ஸ்வீட்லினுக்குத் தெரியும். லேபில் நம்பரை வாங்கியபின், பில் சரியா என்று தலைமை அலுவலகத்து சர்வரிடம் கேட்டுக்கொண்டு பக்கம் இரண்டு மூன்று வினாடி காத்திருக்கும். அந்த இடைவெளியில்தான் அடுத்தவரின் நம்பர் உள்ளே விழுந்தது. லேப்டாப்பில் அந்தக் காத்திருப்பு இல்லை. கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும் வேலைக்குள் இரண்டு விரல்கள் எப்படி மோதும்?

"ஒரு நிமிஷம்" என்று சொல்லி, பக்கத்தைத் திறந்து, மூன்று வினாடி நிற்கும்படி ஒரு வரி சேர்த்தாள். விஜி அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்ப அமுக்குங்க."

"ஒண்ணு, ரெண்டு, மூணு."

விஜியின் கையிலிருந்த போனில் ஸ்வீட்லினின் நம்பர் வந்தது. உதயகுமார் குதித்தான். "பாத்தியா! பாத்தியா!"

"பாத்தேன்" என்றாள் விஜி. போனைத் திருப்பிக் கொடுத்தாள். "நீங்க இப்ப இன்னாவோ எழுதினீங்க இல்ல மேடம், அதனாலதான மாறுது? எழுதறதுக்கு முன்ன கரெக்டாத்தான வந்துச்சு."

"அது... அங்க லேபுல அந்த டைம் தானா இருந்துச்சு விஜி. இங்க இல்ல. அதுக்காகத்தான் நான்..." ஸ்வீட்லின் பாதியில் நிறுத்தினாள். அவளுக்கே தன் பேச்சு பொய் சொல்கிறவர்களின் பேச்சு மாதிரிக் கேட்டது. அன்று உண்மையைச் சொன்ன விஜியும் இப்படித்தான் துப்பட்டாவை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"உங்க மனசு எனக்குப் புரியுது மேடம். எனக்காக சொல்றீங்க. ஆனா வேணாம்." விஜி மறுபடி முறத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். "நான் எல்லம்மா ஊட்டுக்குப் போயி அவங்க கால்ல வுயுந்தேன். கடைசி மாசம். பாயில எலும்பா கெடந்தாங்க. நாந்தான் அக்கா தப்பா அடிச்சிட்டேன்னு சொன்னேன். திட்டுவாங்கன்னு நெனச்சேன். என் தலைல கைய வச்சி, போவட்டும் வுடு, நீயும் புள்ளகுட்டிக்காரி, வேணும்னேவா பண்ணேன்னு சொன்னாங்க. அந்தக் கை ஒண்ணுதான் மேடம் எனக்கு கீது. இப்ப தப்பு என்னுது இல்லன்னா அவங்க யார மன்னிச்சாங்க?"

அந்த மன்னிப்பு தனக்கு உரியது என்று ஸ்வீட்லினுக்குத் தெரிந்தது. அதை வேறொருத்தி வாங்கி, இரண்டு வருடத்துக்கு மேலாக மடியில் முடிந்து வைத்துக்கொண்டு உயிர் பிழைத்திருக்கிறாள். இனி தனக்கு அதைக் கொடுக்க ஆள் கிடையாது. அழவேண்டும் போல இருந்தது. இந்த வீட்டில் உட்கார்ந்து அழ தனக்கு உரிமை இல்லை என்று அடக்கிக்கொண்டாள்.

பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினாள். விஜி வாங்கவில்லை. உதயகுமார் வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"லேபுலயும் ஸ்டேஷன்லயும் நானே குடுக்கப் போறேன். எல்லம்மா வீட்லயும்..."

"அங்க மட்டும் குடுக்காதீங்க." விஜியின் குரல் உயர்ந்தது. "அவங்க புள்ளைங்க இப்பத்தான் ரோட்டுல பாத்தா பேசுதுங்க. திரும்பப் போயி நான் இல்லன்னு சொன்னா, இவ தப்பிச்சிக்கப் பாக்குறா, ஆளு செட் பண்ணிக் கூட்டினு வந்துட்டான்னு நெனைக்குங்க. எனக்கு இன்னொரு வாட்டி முடியாது மேடம்."

வெளியே தண்ணீர் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. கடிதத்தை ஸ்டேஷனில் கொடுத்தால் விசாரிக்கக் கூப்பிடுவார்கள், அப்போது நீங்களும் வரவேண்டியிருக்கும் என்று ஸ்வீட்லின் உதயகுமாரிடம் சொன்னாள். அவன் சரி என்றான். நியாயம் கிடைத்துவிடும் என்று அவன் நம்புவது முகத்தில் தெரிந்தது. தனக்கு அந்த நம்பிக்கை இல்லை என்பதை அவனிடம் அவள் சொல்லவில்லை. பக்கத்தைத் திருத்தியாகிவிட்டது, பதிவுகள் அழிந்துவிட்டன, சாட்சி சொல்லவேண்டியவளோ தானே குற்றவாளி என்கிறாள். எந்த இன்ஸ்பெக்டர் ஒரு ஆச்சரியக்குறியைப் பார்த்துக் கேஸ் எழுதுவார்?

லேப்டாப்பை மூடிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். செருப்பு மாட்டும்போது ஞாபகம் வந்தது. "விஜி, உங்க பழைய நம்பர் போக மாட்டேங்குது. இப்ப இருக்கற நம்பர் சொல்லுங்க, கூப்பிடறதுக்கு வேணும்."

விஜி எழுந்து வாசலுக்கு வந்தாள். ஸ்வீட்லின் போனை எடுத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ஒம்போது எட்டு" என்று ஆரம்பித்தாள் விஜி. "ஒம்போது எட்டு, நாலு..." நின்றுவிட்டாள். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. முகத்தைப் பார்த்தே ஆறு இலக்கத்தைச் சொல்கிறவள், விரல் விட்டு ஏதோ எண்ணிப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, அதே இடத்தில் நின்றாள். பிறகு உள்பக்கம் திரும்பிப் புருஷனைக் கூப்பிட்டாள்.

"இந்தாய்யா, நீ வந்து மேடத்துக்கு நம்பர சொல்லு. நான் சொன்னா மாறிப் பூடும்."